லாத்வியர்கள் ரஷ்யாவை ஏன் ‘க்ரியெவிய’ என்கிறார்கள்?

இணையத்தில் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் ‘உங்கள் நாடு’ என்று ஒரு நீளமான பட்டியல் விழும் இல்லையா? மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு அதைப் பல மொழிகளில் தயார் செய்வது சலிப்பான, ஆனால் தவிர்க்க முடியாத வேலை. அப்படி ஒருமுறை லாத்விய மொழிக்கான பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கேள்வி எனக்குள் விழுந்தது.

அந்தப் பட்டியலில் ரஷ்யா ‘க்ரியெவிய’. ஜெர்மனி ‘வாட்ஸிய’. எஸ்டோனியா ‘இகௌனிய’. பின்லாந்து ‘சுவோமிய’, சுவீடன் ‘ஸ்வியெட்ரிய’. கடைசி இரண்டும் புரிகிறது. பின்லாந்துக்காரர்கள் தங்கள் நாட்டை சுவோமி என்கிறார்கள், சுவீடன்காரர்கள் ஸ்வேரிய என்கிறார்கள். மற்ற மூன்றும்? எஸ்டோனியர்கள் தங்கள் நாட்டுக்கு வைத்திருக்கும் பெயர் ஏஸ்டி. ரஷ்யர்கள் வைத்திருக்கும் பெயர் ரஸ்ஸீயா. ‘இகௌனிய’வுக்கும் ஏஸ்டிக்கும் ஒரு எழுத்துகூட ஒட்டவில்லை. ‘க்ரியெவிய’வுக்கும் ரஸ்ஸீயாவுக்கும் அதே கதைதான்.

தூரத்து நாடுகளுக்கு விசித்திரமான பெயர் வைத்திருந்தால் ஆச்சரியம் இல்லை. இவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆயிரம் வருஷமாக ஒரே ஆற்றில் படகு விட்டவர்கள். அவர்கள் பெயர் எப்படித் தெரியாமல் போகும்? பக்கத்து வீடு என்பதால்தான் பெயர் மாறியது என்பது, தேடிப் பார்த்தபிறகு எனக்குக் கிடைத்த விடை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

(லாத்வியப் பெயர்களை அவர்கள் உச்சரிப்பை ஒட்டி, குறில் நெடில் பார்த்து எழுதியிருக்கிறேன். ‘க்ரியெவியா’ என்று நீட்டாமல் ‘க்ரியெவிய’ என்று நிறுத்தியிருப்பதற்குக் காரணம் பின்னால் வரும்.)

முதலில் எஸ்டோனியா: சுலபமான உதாரணம்

லாத்வியாவின் வடக்கு எல்லையைத் தாண்டினால் எஸ்டோனியா. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரே நாடு என்று எதுவும் கிடையாது. தனித்தனி வட்டாரங்கள்தான். அவற்றில் தென்கிழக்கில், இன்றைய தார்த்து, ஒத்தேபா ஊர்கள் இருக்கும் பகுதிக்கு உகாண்டி என்று பெயர். (ஆப்பிரிக்காவின் உகாண்டாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) லாத்வியர்களின் முன்னோர்களில் ஒரு பிரிவினரான லத்காலியர்களுக்கு எல்லை தாண்டியதும் முதலில் எதிர்ப்பட்டவர்கள் இந்த உகாண்டிக்காரர்கள். கொள்வினை கொடுப்பினையும் அவர்களோடு, கொள்ளையும் சண்டையும் அவர்களோடு. அதனால் அந்த வட்டாரத்தின் பெயரே பின்னால் இருந்த மொத்த மக்களுக்கும் பெயராகிவிட்டது. ‘இகௌனிய’ அப்படி வந்தது.

வடக்கே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பின்லாந்துக்காரர்கள் எஸ்டோனியாவை என்னவென்று அழைக்கிறார்கள் தெரியுமா? வீரோ. எஸ்டோனியாவின் வடக்குக் கரையில் இருக்கும் வீருமா வட்டாரத்தின் பெயர் அது. கடல் கடந்து வந்தால் முதலில் தட்டுப்படும் கரை.

ஆக ஒரே நாட்டுக்குத் தெற்கிலிருந்து பார்த்தவன் தெற்கு வட்டாரத்தின் பெயரை வைத்தான். வடக்கிலிருந்து பார்த்தவன் வடக்கு வட்டாரத்தின் பெயரை வைத்தான். எஸ்டோனியர்களும் பதிலுக்கு அதையேதான் செய்தார்கள். லாத்வியாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் லாட்டி. தங்கள் எல்லையை ஒட்டி இருந்த லத்காலியர்களின் பெயரிலிருந்து வந்தது.

இது ஐரோப்பா முழுக்க நடந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஜெர்மனி என்றால் ‘அலமாஞ்’, அதாவது தங்களுக்குப் பக்கத்தில் இருந்த அலமன்னி குழுவின் நாடு. பின்லாந்துக்காரர்களுக்கு அதே ஜெர்மனி ‘சாக்சா’, அதாவது சாக்சன்களின் நாடு. நம்மிடமும் ஒரு உதாரணம் உண்டு. பிராங்க் என்ற ஒரே ஒரு ஜெர்மானியக் குழுவின் பெயர் அரபு, பாரசீகம் வழியாகச் சுற்றி வந்து தமிழில் ‘பரங்கி’ ஆனது. இங்கே வந்து இறங்கிய போர்ச்சுகீசியருக்கும் பிராங்குகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் ஐரோப்பாக்காரர்கள் எல்லோரும் பரங்கியர்கள்தான்.

க்ரிவிச்சுகள் யார்?

இப்போது ரஷ்யாவுக்கு வருவோம். ‘க்ரியெவிய’ என்ற பெயருக்குப் பின்னால் நிற்பவர்கள் க்ரிவிச்சுகள். கிழக்கு ஸ்லாவிய இனக்குழுக்களில் ஒன்று.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீவ் நகரில் தொகுக்கப்பட்ட பழைய நாளாகமம் இவர்களைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது. வோல்கா, த்வினா, த்நீப்பர் என்ற மூன்று பெரிய ஆறுகளின் மேல்பகுதியில் வாழ்ந்தவர்கள். ஸ்மோலென்ஸ்க் இவர்கள் ஊர். போலோட்ஸ்க் ஊரின் முதல் குடிகளும் இவர்கள்தான் என்கிறது.

அந்த த்வினா ஆறுதான் இந்தக் கதையின் முதுகெலும்பு. ரஷ்யாவின் வால்தாய் மேட்டில் பிறந்து, பெலாரசுக்குள் நுழைந்து, வீத்தெப்ஸ்க், போலோட்ஸ்க் ஊர்களைத் தொட்டு, லாத்வியாவுக்குள் வந்து ரீகாவில் கடலில் கலக்கிறது. மொத்தம் சுமார் 1,020 கிலோமீட்டர். லாத்வியர்கள் இதே ஆற்றை தௌகவ என்று அழைக்கிறார்கள். ரயிலும் சாலையும் இல்லாத காலத்தில் ஆறுதான் சாலை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் லத்காலியர்களும் லீவ் மக்களும். மேலே படகு தள்ளிக்கொண்டு போனால் வருவது போலோட்ஸ்க், அதாவது க்ரிவிச்சுகளின் ஊர்.

தொடர்பு வெறும் வியாபாரத்தோடு நிற்கவில்லை. லிவோனியாவின் ஹென்றி என்ற பாதிரியார் 1220களில் லத்தீனில் எழுதிய நாளாகமம் ஒன்று இருக்கிறது. லாத்வியாவின் ஆரம்ப வரலாற்றுக்கு அதைவிட முக்கியமான ஆவணம் கிடையாது. மைன்ஹார்ட் என்ற ஜெர்மானியத் துறவி தௌகவ கரையில் கிறிஸ்தவம் பரப்ப வந்தபோது, அதற்கு அவர் அனுமதி கேட்டது போலோட்ஸ்க் அரசர் விளாதிமீரிடம் என்று ஹென்றி எழுதுகிறார். ஏனென்றால் லீவ் மக்கள் அவருக்குத்தான் கப்பம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1201இல் ஜெர்மானியர்கள் ரீகாவை நிறுவினார்கள். 1212இல் போலோட்ஸ்க் அரசர் அந்தக் கப்ப உரிமையை ரீகா ஆயருக்கு விட்டுக்கொடுத்தார்.

கப்பம் வாங்க வருகிறவனின் பெயரை யாரும் மறக்க மாட்டார்கள். மேலிருந்து வருபவன் ‘க்ரியெவ்ஸ்’. அவன் பின்னால் இருக்கும் மண் எல்லாமே க்ரியெவ்ஸின் மண். பின்னாளில் போலோட்ஸ்க் மங்கியது, மாஸ்கோ எழுந்தது. கிழக்கிலிருந்து வருபவன் யாராக இருந்தாலும் பெயர் மட்டும் மாறவில்லை.

ஒலியிலும் ஒரு தடயம் இருக்கிறது. ஸ்லாவிய மொழிகளில் ‘இ’ வரும் பல சொற்களில் லாத்விய மொழியில் ‘இயெ’ வரும். குளிர்காலத்துக்கு ரஷ்ய மொழியில் ‘ஸிமா’, லாத்வியத்தில் ‘ஸியெம’. இரண்டும் ஒரே பழைய மூலத்திலிருந்து பிரிந்த சொற்கள். ‘க்ரிவ்’ என்பதற்கு ‘க்ரியெவ்’ என்பதும் அதே அச்சில் வார்த்தது. நேற்று காதில் விழுந்து இன்று கடன் வாங்கிய சொல்லில் இப்படி ஒரு பொருத்தம் அமைவது அபூர்வம். உறவு மிகப் பழையது என்பதற்கான தடயமாக இதைப் பார்க்கலாம்.

ரூஸ் வேறு, க்ரிவிச்சு வேறு

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த முரண் வருகிறது.

ரஷ்யா என்ற பெயருக்கு மூலம் ‘ரூஸ்’. பெரும்பாலான ஆய்வாளர்கள் இதை ஸ்காண்டிநேவியாவிலிருந்து படகில் வந்தவர்களோடு தொடர்புபடுத்துகிறார்கள். பின்லாந்துக்காரர்கள் இன்றும் சுவீடனை ‘ருவோட்சி’ என்றுதான் அழைக்கிறார்கள். அந்தச் சொல்லும் ‘ரூஸ்’ என்பதும் ஒரே வேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

10ஆம் நூற்றாண்டின் நடுவில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் மகனுக்காக ஒரு ஆட்சிக் கையேடு தொகுத்தார். ரூஸ் மக்கள் எப்படிக் கீவ் நகரிலிருந்து கான்ஸ்டான்டிநோபிள் வரை படகில் வருகிறார்கள் என்ற விவரம் அதில் இருக்கிறது. படகு செய்வது யார்? ரூஸுக்குக் கப்பம் கட்டும் ஸ்லாவியர்கள். குளிர்காலம் முழுக்கக் காட்டில் மரம் வெட்டிக் குடைந்து, பனி உருகியதும் ஆற்றில் இறக்கிக் கீவுக்குக் கொண்டுவந்து விற்கிறார்கள். அந்தக் கப்பம் கட்டுகிறவர்களின் வரிசையில் க்ரிவிச்சுகளின் பெயரும் இருக்கிறது.

அதாவது 10ஆம் நூற்றாண்டுக்காரனைக் கேட்டிருந்தால் ரூஸ் என்பவன் கப்பம் வாங்குகிறவன், க்ரிவிச்சு என்பவன் கப்பம் கட்டுகிறவன் என்று பிரித்துச் சொல்லியிருப்பான். உலகத்தின் பெரும்பாலான மொழிகள் அந்த நாட்டை வாங்கியவன் பெயரால் அழைக்கின்றன. லாத்விய மொழி கட்டியவன் பெயரால் அழைக்கிறது.

க்ரிவிச்சு என்ற பெயர் நாளாகமங்களிலிருந்து 12ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டது. அந்த மக்கள் எங்கும் போகவில்லை, வேறு பெயர்களுக்குள் கரைந்துவிட்டார்கள். அவர்கள் பெயர் அன்றாடப் பேச்சில் உயிரோடு இருப்பது சொந்த மண்ணில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் வாயில்தான்.

திசைதான் அடையாளம்: க்ரியெவிஞ் மக்கள்

‘கிழக்கிலிருந்து வந்தால் க்ரியெவ்ஸ்’ என்ற கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சோகமான உதாரணம் உண்டு. 1440களில் லிவோனிய வீரத்துறவியர் படை நோவ்கொரோத் பக்கம் போரிட்டபோது, அங்கிருந்து வோட்டிய மக்களில் ஒரு கூட்டத்தைச் சிறைபிடித்து வந்து தெற்கு லாத்வியாவில் பௌஸ்கா அருகே குடியமர்த்தியது. வோட்டியர்கள் பேசியது எஸ்டோனிய மொழிக்கு நெருங்கிய ஒரு மொழி. ஸ்லாவிய மொழியே இல்லை. ஆனால் உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘க்ரியெவிஞி’, அதாவது ‘குட்டி ரஷ்யர்கள்’.

மொழியைக் கேட்டு வைத்த பெயர் இல்லை, வந்த திசையைப் பார்த்து வைத்த பெயர். அவர்கள் அந்த ஊரில் 400 வருஷம் அந்தப் பெயரோடு வாழ்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் மொழி மறைந்தது. தங்களுடையதே அல்லாத பெயர் மட்டும் மிச்சம். ‘க்ரியெவிஞ்ஷ்’ என்பது இன்றும் லாத்வியாவில் சாதாரணமாகக் காணப்படும் குடும்பப் பெயர். அதை வைத்திருக்கும் எல்லோரும் இந்தக் கூட்டத்தின் வாரிசுகள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல் எவ்வளவு தாராளமாக ஒட்டப்பட்டது என்பதை அது காட்டுகிறது.

‘ஸெமெ’ போய் ‘இய’ வந்தது

பழைய லாத்விய நாட்டுப் பாடல்களில் ‘க்ரியெவிய’ என்ற வடிவத்தைவிட ‘க்ரியெவ்ஸெமெ’ என்பதே இயல்பான வடிவம். ஸெமெ என்றால் மண், நிலம், நாடு. ஜெர்மனி ‘வாட்ஸெமெ’. லாத்வியாவின் சொந்தப் பகுதிகளும் இப்படித்தான்: விட்ஸெமெ, குர்ஸெமெ. தமிழ்நாடு, வேணாடு என்று நாம் சொல்வதைப் போன்ற கட்டுமானம்.

‘இய’ என்ற வால் லத்தீனிலிருந்து படித்தவர்கள் எழுத்து வழியாக வந்தது. செய்தித்தாளும் புவியியல் பாடப்புத்தகமும் வந்தபோது பழைய ஸெமெ பின்னுக்குப் போய் இந்த வால் நிலைத்தது. லாத்வியாவின் சொந்தப் பெயரான ‘லத்விய’ பரவியதும் இதே 19ஆம் நூற்றாண்டின் தேசிய விழிப்பு காலத்தில்தான். அப்போது ரஷ்யப் பேரரசின் வரைபடத்தில் லாத்வியா என்று ஒரு மாகாணம் கிடையாது. அந்த மக்கள் லிவ்லாந்து, குர்லாந்து, வீத்தெப்ஸ்க் என்று மூன்று மாகாணங்களில் சிதறிக் கிடந்தார்கள். இன்றைய தேசிய கீதத்தை கார்லிஸ் பௌமனிஸ் 1873 வாக்கில் எழுதியபோது, அதில் வரும் ‘லத்விய’ என்ற சொல்லுக்கு நேராக வரைபடத்தில் எதையும் காட்ட முடியாது. பெயர் முதலில் வந்தது. நாடு 1918 நவம்பர் 18 அன்றுதான் வந்தது.

இனி இலக்கணம்

லாத்விய மொழியில் நாட்டுப் பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். நம்மைப் போலவே அவர்களும் சொல்லின் கடைசியில் வேற்றுமையைக் காட்டுகிறார்கள்:

க்ரியெவிய – ரஷ்யா
க்ரியெவியஸ் – ரஷ்யாவின்
க்ரியெவியை – ரஷ்யாவுக்கு
க்ரியெவியு – ரஷ்யாவை
க்ரியெவியா – ரஷ்யாவில்

தமிழ்க் கண்ணுக்கு இதில் இரண்டு வேடிக்கைகள். ‘ஐ’ என்று முடிந்தால் நமக்கு இரண்டாம் வேற்றுமை, அவர்களுக்கு நான்காம் வேற்றுமை. அடுத்தது, முதல் வரியையும் கடைசி வரியையும் பாருங்கள். வித்தியாசம் ஒரே ஒரு நெடில். ‘அ’ என்று குறுக்கினால் நாடு, ‘ஆ’ என்று நீட்டினால் நாட்டுக்குள். குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் நாம் வழக்கமாக எழுதும் ‘லாத்வியா’ என்ற கடைசி நீட்டல் ஒரு லாத்வியர் காதில் ‘லாத்வியாவில்’ என்றுதான் விழும்! கட்டுரை முழுக்க நான் ‘க்ரியெவிய’ என்று குறுக்கி எழுதியதற்குக் காரணம் இதுதான்.

மென்பொருளில் நிரலாளர்கள் ஆங்கிலப் பழக்கத்தில் ‘இடத்தில்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நாட்டுப் பெயரை அப்படியே ஒட்டிவிடுவார்கள். லாத்வியத்தில் அது உடைந்துவிடும். தமிழிலும் ‘ரஷ்யாஇல்’ என்று உடைவதை நாம் எத்தனை செயலிகளில் பார்த்திருக்கிறோம்!

இதெல்லாம் சுவாரசியத்துக்கு. அடுத்து வருவது அப்படி இல்லை.

‘ரஷ்ய மொழி’ என்பதை லாத்வியத்தில் ‘க்ரியெவு வலுவொட’ என்கிறார்கள். ‘க்ரியெவு’ என்பது பன்மையில் ஆறாம் வேற்றுமை: ரஷ்யர்களின். நேராகச் சொன்னால் ‘ரஷ்யர்களின் மொழி’. ரஷ்ய அதிபர் என்பதற்கு ‘க்ரியெவு’ வராது, ‘க்ரியெவியஸ்’ வரும். ரஷ்யாவின் அதிபர். மொழி, இலக்கியம், பழமொழி எல்லாம் மக்களுடையவை. அதிபர், எல்லை, தூதரகம் எல்லாம் நாட்டினுடையவை. ரஷ்ய மொழியிலேயே இந்த இரண்டுக்கும் தனித்தனி உரிச்சொற்கள் உண்டு: ‘ரூஸ்கி’, ‘ரஸ்ஸீஸ்கி’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் நாம் ‘ரஷ்ய’ என்று ஒன்றை வைத்தே ஓட்டுகிறோம்.

லாத்வியாவில் இந்த வால் ஏன் முக்கியம்? 1989 கணக்கெடுப்பில் அங்கே லாத்வியர்கள் 52 சதவீதம், ரஷ்யர்கள் 34 சதவீதம். இன்றும் ஏறக்குறைய நாலில் ஒருவர் ரஷ்யர். இவர்களை ‘லத்வியஸ் க்ரியெவி’ என்கிறார்கள். லாத்வியாவின் ரஷ்யர்கள். ‘இலங்கைத் தமிழர்’ என்று நாம் சொல்வதன் அமைப்பே இதிலும் இருக்கிறது. முதல் சொல் நாட்டைச் சொல்கிறது, இரண்டாவது சொல் இனத்தைச் சொல்கிறது. அந்த முதல் சொல்லை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

சோவியத் காலத்தை லாத்வியர்கள் ஏட்டில் ‘சோவியத் காலம்’ என்றுதான் எழுதுகிறார்கள். வீட்டுப் பேச்சில் ‘க்ரியெவு லைக்கி’ என்று வந்துவிடும். ‘ரஷ்யர்களின் காலம்’. அதேபோல 1941க்குப் பிறகான நாஜி ஆக்கிரமிப்பு ‘வாட்ஸு லைக்கி’, ஜெர்மானியர்களின் காலம். ஆட்சி செய்தது ஒரு அரசு. சைபீரியாவுக்கு ரயில் ஏற்றியது ஒரு அரசு. ஆனால் பேச்சுவழக்கில் அது ஒரு மக்களின் கணக்கில் எழுதப்படுகிறது. பாட்டியை நாடுகடத்திய குடும்பத்துக்காரர் அப்படிச் சொல்வதில் இருக்கும் வலி உண்மையானது. மாடிவீட்டில் பிறந்து வளர்ந்த ரஷ்யப் பையன் காதில் அது விழும்போது ஏற்படும் சங்கடமும் உண்மையானது.

2022இல் உக்ரைன் மீது முழுப்படையெடுப்பு தொடங்கிய பிறகு இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. ‘க்ரியெவியஸ்’ படை என்றால் அந்த நாட்டின் படை. ‘க்ரியெவு’ படை என்றால் ஒரு இனமே படையாகிவிடுகிறது. ஒரு செய்தி ஆசிரியர் எந்த வாலை ஒட்டுகிறார் என்பதில் யாரைக் குற்றம் சாட்டுகிறார் என்பதும் அடங்கியிருக்கிறது. மொழி இரண்டு சொற்களைத் தந்திருக்கிறது. எதை எடுப்பது என்பது பேசுகிறவரின் பொறுப்பு.

விலை கொடுப்பது பெலாரஸ்

இந்தப் பெயர்க் கதையில் அதிகம் இழந்தவர்கள் ரஷ்யர்களும் இல்லை, லாத்வியர்களும் இல்லை.

போலோட்ஸ்க் இன்று எந்த நாட்டில் இருக்கிறது? பெலாரசில். க்ரிவிச்சுகளின் நிலத்தில் ப்ஸ்கோவும் ஸ்மோலென்ஸ்கும் ரஷ்யாவுக்குள் இருக்கின்றன. ஆனால் லாத்வியர்கள் ஆற்று வழியாக நேரில் கண்ட க்ரிவிச்சு மையம் போலோட்ஸ்க்தான். நியாயப்படி பார்த்தால் ‘க்ரியெவிய’ என்ற பெயருக்கு முதல் உரிமை பெலாரசுக்கு இருக்க வேண்டும்.

நடந்தது என்ன? லாத்வியத்தில் பெலாரசின் பெயர் ‘பல்ட்க்ரியெவிய’. பல்ட்ஸ் என்றால் வெள்ளை. ‘வெள்ளை ரஷ்யா’. மூலப்பெயர் பெரிய அண்ணனுக்குப் போய்விட்டது. மூல வீட்டுக்காரனுக்கு அதே பெயர் ஒரு அடைமொழியோடு திரும்பி வந்திருக்கிறது.

பெலாரசியர்கள் தங்கள் பெயரில் இருக்கும் ‘ருஸ்’ வேறு, ரஷ்யா வேறு என்பதில் கவனமாக இருக்கிறார்கள். அது பழைய ரூஸ் நிலத்தைக் குறிப்பது, மாஸ்கோவின் நாட்டை அல்ல. 1991 செப்டம்பரில் நாட்டின் பெயரை பெலாரஸ் குடியரசு என்று அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். சுவீடன் ‘வெள்ளை ரஷ்யா’ என்று பொருள்படும் பழைய பெயரை 2019இல் கைவிட்டு பெலாரஸ் என்று எழுதத் தொடங்கியது. நார்வே 2022இல் மாறியது. லாத்வியத்தில் இன்றும் ‘பல்ட்க்ரியெவிய’ புழக்கத்தில் இருக்கிறது.

லாத்வியர்களுக்கு இதில் ஒரு உண்மையான சிக்கல் உண்டு. சுவீடிஷ், ஆங்கிலம் போன்ற மொழிகளில் ‘ரஸ்’ என்பதற்கும் ‘ரஷ்யா’ என்பதற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வைக்க முடிகிறது. லாத்வியத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்றே: க்ரியெவ். கீவ் நகரை மையமாகக் கொண்ட பழைய ரூஸ் அரசைக்கூட ‘கியெவஸ் க்ரியெவ்ஸெமெ’ என்றுதான் எழுதி வந்திருக்கிறார்கள். நேராகப் பிரித்தால் ‘கீவின் ரஷ்ய நிலம்’. யாருடைய வரலாறு யாருக்குச் சொந்தம் என்று இன்று நடக்கும் சண்டையில் இந்தப் பெயர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். ஒரு பழைய எல்லை நினைவு, வைத்தவர்கள் நினைக்காத இடத்தில் வந்து முட்டுகிறது.

இதன் மறுபக்கமாக ஒரு மனிதரைச் சொல்ல வேண்டும். வாட்ஸ்லவ் லஸ்தோவ்ஸ்கி, பெலாரசிய வரலாற்றாசிரியர். 1918இல் அறிவிக்கப்பட்ட பெலாரசிய மக்கள் குடியரசுக்கு நாடுகடந்த நிலையில் பிரதமராக இருந்தவர். நம் பெயரில் ‘ரஸ்’ இருக்கும் வரை உலகம் நம்மை ரஷ்யாவின் ஒரு துண்டாகத்தான் பார்க்கும் என்பது அவர் வாதம். அதற்கு அவர் சொன்ன தீர்வு, பெலாரசை ‘க்ரிவியா’ என்றும் அதன் மக்களை ‘க்ரிவிச்சுகள்’ என்றும் அழைக்கவேண்டும் என்பது. லிதுவேனியாவின் கௌனஸ் நகரிலிருந்து 1923 முதல் 1927 வரை ‘க்ரிவிச்’ என்ற பெயரிலேயே ஒரு இதழ் நடத்தினார்.

அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 1927இல் அவர் சோவியத் பெலாரசுக்குப் போனார், 1930இல் கைது செய்யப்பட்டார், 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ரஷ்யாவிடமிருந்து தன் மக்களைப் பிரித்துக் காட்ட அவர் தேடி எடுத்த அதே சொல், சில நூறு கிலோமீட்டர் தள்ளி லாத்வியாவில் பல நூற்றாண்டுகளாக ரஷ்யாவின் பெயராகவே இருந்து வந்தது. லாத்வியர்களிடம் போய் ‘நாங்கள் க்ரிவிச்சுகள், ரஷ்யர்கள் இல்லை’ என்று சொல்லியிருந்தால், அவர்கள் காதில் ‘நாங்கள் ரஷ்யர்கள், ரஷ்யர்கள் இல்லை’ என்று விழுந்திருக்கும்!

அப்படியானால் மாற்றத்தான் வேண்டுமா?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘க்ரியெவிய’ என்ற பெயரை மாற்றச் சொல்வதில் அர்த்தம் இல்லை. அதைச் சொல்லும் லாத்வியர் யாரும் க்ரிவிச்சுகளை நினைத்துச் சொல்வதில்லை. மூலம் மறந்துபோன பெயர் யாரையும் காயப்படுத்துவதில்லை. ரஷ்யர்கள் யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. ஜெர்மனியை ‘அலமாஞ்’ என்பதற்காக ஜெர்மானியர்கள் பிரெஞ்சுக்காரர்களிடம் சண்டைக்குப் போகவில்லையே.

‘பல்ட்க்ரியெவிய’ வேறு விதம். அதன் பொருள் மறையவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகூட அதைப் பிரித்து ‘வெள்ளை ரஷ்யா’ என்று படித்துவிட முடியும். படிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நாடு இன்னொரு நாட்டின் வகையாகத் தெரிகிறது. ஒரு பெயர் பழையதா, சரியா என்று பார்ப்பதைவிட, அதைக் கேட்கிறவனுக்கு இன்று என்ன பொருள் தொனிக்கிறது என்று பார்ப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. பழமையை அளவுகோலாக வைத்தால் லாத்வியர்கள் பெலாரசுக்கு ‘க்ரியெவிய’ என்ற பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரஷ்யாவுக்குப் புதுப்பெயர் தேட வேண்டியிருக்கும்.

நாட்டுப் பெயர்களின் மூலத்தைத் தேடுகிறவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. ஒரு மொழியில் அண்டை நாட்டின் பெயர் புதிராக இருந்தால், அந்த நாட்டின் தலைநகரைப் பார்க்காதீர்கள். எல்லையைப் பாருங்கள். எல்லையில் ஓடும் ஆற்றைப் பிடித்து மேலே போங்கள். முதலில் வரும் ஊர் எது, அங்கே ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை அங்கேதான் கிடைக்கும்.

‘வாட்ஸிய’வை மட்டும் நான் தொடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஜெர்மனியை லிதுவேனியர்களும் ஏறக்குறைய அதே வேரில் ‘வோக்கியெதியா’ என்கிறார்கள். அதன் மூலத்தைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.